நீலச் சுவெட்டர் பார்த்த ஷிப்ட்

செவ்வாய்க்கிழமை, பள்ளி விட்டு வந்தபின்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் முதல் வரியிலேயே பொய் எழுத மனம் வரவில்லை. அதனால் நாங்கள் முக்கால்வாசி நலம் என்று எழுதுகிறேன். நீ முழுசாக நலமாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா உன்னிடம், வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறோம், இந்தத் தடவை லீவு கேட்காதே, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னார்.  நீ, "சரி, என்ன கலர்?" என்று கேட்டாய். அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "இப்ப இருக்கிற கலர்தான்" என்று சொல்லிவிட்டார். நீ நம்பியிருக்க மாட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். பெயிண்ட் எல்லாம் இல்லை அம்மா. எனக்கும் அப்பாவுக்கும் அத்தைக்கும் படர்தாமரை வந்திருக்கிறது. வந்தது மானேஜரிடமிருந்து. பிறர் வேலை செய்வதை உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர வேறு எதுவும் செய்யாததால் நீ அந்தப் பெயர் வைத்த அதே பூனைதான்.

முதலில் எனக்குத்தான் வந்தது. கழுத்தில் வலது பக்கம், காதுக்குக் கீழே, ஒரு சிவப்பு வட்டம். ஓரம் மட்டும் கொஞ்சம் மேடாக, நடுவில் சாதாரணத் தோல். காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி அவ்வளவு சுத்தமான வட்டம். நான் அதை ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் குறித்துக்கொண்டேன். நான்கு நாளில் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தது. ஐந்தாம் நாள் விளையாட்டு டீச்சர் பார்த்துவிட்டு, யாரையும் தொடாமல் வீட்டுக்குப் போகச் சொன்னார். வகுப்பு முழுக்க விலகி வழிவிட்டது. நடந்துபோகும்போது ஒரு தலைவர் வருவது போலத்தான் இருந்தது. ஆனால் தலைவர்களுக்கு அரிக்காது.

அடுத்து அப்பாவுக்கு, வலது மணிக்கட்டின் உட்பக்கம். உனக்குத் தெரியுமே, மூக்குக்கண்ணாடிக் கடையில் அவருடைய கை எப்போதும் யாராவது ஒருவருடைய முகத்துக்கு அருகில்தான் இருக்கும். கண்ணாடியின் காதுக் கம்பியைச் சரிசெய்ய அவர் குனிந்தபோது ஒரு பெரியவர் சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாராம். "கீழ் வரி ஒண்ணும் தெரியலைன்னு சொன்னீங்க, என் கையில இருக்கிற வட்டம் மட்டும் எப்படிங்க தெரிஞ்சுது?" என்று அப்பா கேட்டிருக்கிறார். அவர் சிரித்தாராம். ஆனால் கண்ணாடி வாங்காமல் போய்விட்டார். அன்றிலிருந்து அப்பா முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பொத்தானையும் பூட்டிக்கொள்கிறார்.

மருந்துக்கடையில் கேட்டு அப்பா ஒரு களிம்பு வாங்கி வந்தார். இரண்டே நாளில் சிவப்பு போய்விட்டது. நாங்கள் அந்தக் கடைக்காரரைப் பெரிய மேதை என்று நினைத்தோம். பத்தாம் நாள் வட்டம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது, பக்கத்தில் இரண்டு குட்டி வட்டங்களோடு. தோல் டாக்டர் அந்தக் களிம்பைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். அது சிவப்பை மட்டும் அடக்கி, உள்ளே பூஞ்சையை நிம்மதியாக வளர விடுமாம். வீட்டில் பூனை உண்டா என்று கேட்டவர் அவர்தான். ஆங்கிலத்தில் வளையப் புழு என்று பெயர் இருந்தாலும் படர்தாமரை புழு இல்லை, பூஞ்சை. மனிதத் தோலிலும் முடியிலும் நகத்திலும் இருக்கும் ஒரே புரதத்தைத் தின்று வாழ்கிறது. இதை நூலகத்தில் இரண்டு புத்தகங்களில் சரிபார்த்துவிட்டேன்.

அத்தைக்கு முழங்கையில் வந்ததும் வீடு இரண்டானது. "அக்காவுக்கு ஒண்ணு தம்பிக்கு ஒண்ணுன்னு எல்லாத்தையும் பங்கு போட்டு வளர்ந்தோம், கடைசியில பூனைக்கு வந்தது எனக்கும் வரணுமா? இன்னைக்கே கொண்டுபோய் விட்டுட்டு வா" என்றார். அப்பா சட்டையைத் தேய்த்துக்கொண்டே, "அவ வந்து மானேஜர் எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது?" என்று கேட்டார். அத்தை, "அவளையே வர வேணாம்னு சொல்லிட்ட, அப்புறம் யார் வந்து கேக்கப் போறா?" என்றார்.  அப்பா சட்டையின் ஒரே கையை மூன்று தடவை தேய்த்தார்.

அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில், பிறந்த குழந்தைகளின் துணிகளை வெளுக்கும் பிரிவில் நீ வேலை பார்க்கிறாய். உன் அறையில் இருந்த பெண்ணுக்குக் கையில் சொறி வந்ததும் இரண்டே நாளில் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். லீவு முடிந்து திரும்பும்போது தோலைப் பரிசோதித்துத்தான் உள்ளே விடுவார்களாம். இங்கே வந்து உனக்கும் ஒட்டிக்கொண்டால் எல்லாம் போய்விடும்.

ஆனால் லீவுப் பட்டியலில் பெயர் கொடுக்க இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது, இல்லையா? அதற்குள் வீட்டைச் சுத்தமாக்கிவிட்டால் நீ பெயர் கொடுக்கலாம். நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், முடியும். நீ போய் இரண்டு வருஷமும் நாற்பத்தோரு நாளும் ஆகிறது. அதையும் கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

அப்பாவிடம் இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லாதே. அவர் பெயிண்ட் கலர் பற்றிப் பேசினால் நீயும் பேசு.

கையைக் கழுவிவிட்டுத்தான் எழுதுகிறேன், பயப்படாமல் படி.
உன் மகள்

•

வெள்ளிக்கிழமை, மழை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் பதில் வந்தது. அப்பாவைத் திட்டாததற்கு நன்றி. நீ போனில், "பெயிண்ட் காயுற வரைக்கும் கதவைத் திறந்து வைங்க" என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். என்னைக் கூப்பிட்டு, "எழுதிட்டியா?" என்று மட்டும் கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். "எழுத்துப் பிழை இல்லாம எழுதினியா?" என்றார். அவ்வளவுதான் திட்டு.

மானேஜரைப் பூனை டாக்டரிடம் கொண்டு போனோம். அவர் உயரமான அம்மா, நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். மானேஜரின் மேல் ஒரு புண் இல்லை, ஒரு இடத்தில்கூட முடி கொட்டவில்லை. அப்பா, "இவனைப் பாருங்க டாக்டர், கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கான், இவனுக்கா நோய்?" என்றார். டாக்டர் கதவையும் ஜன்னலையும் அடைத்து விளக்கை அணைத்தார். ஊதா வெளிச்சம் வரும் ஒரு சிறிய விளக்கை அவன் மேல் பிடித்தார்.

அம்மா, அவன் காதோரமும் மீசைக்குப் பக்கத்திலும் முடிகள் பச்சையாக ஒளிர்ந்தன. பச்சை ஆப்பிளின் பச்சை. நான் பயப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நீ இதைப் பார்க்கவில்லையே என்றுதான் முதலில் தோன்றியது.

நீளமுடிப் பூனைகள் இப்படித்தான், தங்களுக்கு ஒன்றும் ஆகாமலே சுமந்துகொண்டு திரியும் என்றார் டாக்டர். போன மழையில் மாடிப்படியில் ஒதுங்கிய ஒரு சொறிப் பூனைக்குட்டியிடமிருந்து அவனுக்கு வந்திருக்க வேண்டும். கொட்டும் ஒவ்வொரு முடியிலும் பூஞ்சையின் விதை மாதிரி ஒன்று இருக்கிறது. அது துணியிலோ விரிப்பிலோ விழுந்தால் ஒரு வருஷத்துக்கு மேல்கூட உயிரோடு காத்திருக்குமாம். அவ்வளவு காலம் ஒன்றும் சாப்பிடாமல் எதிர்பார்த்துக்கொண்டே இருப்பதை நினைத்து எனக்குப் பூஞ்சையின் மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. இதை அத்தையிடம் சொல்லவில்லை.

பிறகு புதிய பல்துலக்கும் பிரஷ் ஒன்றைப் பிரித்து அவன் உடம்பு முழுக்கச் சீவினார். அந்தப் பிரஷை மஞ்சள் கூழ் நிரப்பிய ஒரு வட்டத் தட்டில் மெதுவாகக் குத்தி, தட்டை மூடி வைத்தார். பூஞ்சை இருந்தால் இரண்டு வாரத்தில் தட்டில் வெள்ளைப் பஞ்சு போல வளரும், தட்டும் மஞ்சளிலிருந்து சிவப்பாகும். நேற்று போய்ப் பார்த்தோம். தட்டு நன்றாகச் சிவந்திருந்தது. தட்டு வெறுமையாக இருந்தால்தான் நல்ல செய்தி என்றார் டாக்டர்.

இப்போது மானேஜர் பின்பக்கச் சிறிய அறையில், நீ துணி மடிக்கும் மேஜை இருக்குமே, அங்கே தனியாக இருக்கிறான். சாப்பாடு வைப்பதும் மாத்திரை கொடுப்பதும் அப்பா மட்டும், கையுறை போட்டுக்கொண்டு. வாரத்துக்கு இரண்டு தடவை அவரே அவனைக் கந்தகத் தண்ணீரில் முக்கி எடுக்கிறார். அழுகிய முட்டை நாற்றம். அவன் மஞ்சளாகி, நனைந்து, பாதியாகச் சுருங்கி மேஜைக்கு அடியில் உட்கார்ந்து எங்களைப் பார்க்கிறான். அத்தை அவனைப் பார்த்து, "என்ன மானேஜர், பதவி போச்சா?" என்றார். ஆனால் துவட்டுவதற்கு நல்ல துண்டாகத்தான் எடுத்துக் கொடுத்தார்.

முதல் மூன்று நாள் கதவைப் பிராண்டிக்கொண்டு விடாமல் கத்தினான். இப்போது கத்துவதில்லை. பழகிவிட்டான் போல என்கிறார் அப்பா.

அத்தையின் வட்டம் ஆறிவிட்டது. அப்பாவுடையதும் என்னுடையதும் ஆறுவதும் திரும்ப வருவதுமாக இருக்கின்றன. எனக்குக் கன்னத்தில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. வீட்டில் எல்லாத் துணியையும் வெந்நீரில் இரண்டு தடவை அலசியாயிற்று, தரையை மருந்துத் தண்ணீரால் துடைத்தாயிற்று. அப்படியும் எங்கிருந்து வருகிறது என்று பூனை டாக்டருக்கே புரியவில்லை. அவருக்காக ஒரு வரைபடம் போட்டேன். நடுவில் மானேஜர், அவனிடமிருந்து எனக்கும் அப்பாவுக்கும் அத்தைக்கும் அம்புக்குறிகள். டாக்டர் அதைப் பாராட்டி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷமாக இல்லை. ஏன் என்று இன்னொரு நாள் எழுதுகிறேன்.

பட்டியலுக்கு இன்னும் ஆறு வாரம். உன் பேரைக் கொடுக்க மறக்காமல் இரு.

இருமல் இருந்தால் வெந்நீர் குடி.
உன் மகள்

•

ஞாயிற்றுக்கிழமை, நீ போனை வைத்தபின்

அன்புள்ள அம்மாவுக்கு,

இன்று போனில், தட்டு என்ன ஆயிற்று என்று நீ கேட்டதற்கு அப்பா, "அவளே எழுதுவா, படிச்சுட்டு நீ முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். எல்லாவற்றையும் நான்தான் எழுத வேண்டும், ஒன்றையும் விடக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. அதனால் இதை இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டு மூன்றாவதாக எழுதுகிறேன்.

என் வரைபடத்தில் ஒரு கட்டத்தை வேண்டுமென்றே விட்டிருந்தேன். அது உன் நீலச் சுவெட்டர்.

நீ கிளம்பிய அன்று கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டுப் போனாயே, அதுதான். மறுநாள் அத்தை துவைக்க எல்லாத் துணியையும் எடுத்தபோது அதை மட்டும் நான் எடுத்து என் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டேன். அதில் இஸ்திரி ஆவி வாசனை இருந்தது. சோப்பு வாசனை, உன் தலை எண்ணெய் வாசனை, கழுத்துப் பக்கத்தில் இன்னொரு வாசனை. அதற்குப் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. வருஷம் போகப் போக அது குறைந்துகொண்டே வந்தது. நான் அதை வீணாக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பயன்படுத்தினேன். ஆனால் என் தலையணையில் உன் வாசனை இருக்கிறது என்பதை மானேஜரும் கண்டுபிடித்துவிட்டான். அவனும் அங்கேதான் படுத்தான்.

எல்லாத் துணியையும் வெந்நீரில் போட்ட அன்று நான் அதை ஒளித்து வைத்துவிட்டேன். துவைத்தால் நீ போய்விடுவாய் என்று தோன்றியது. அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. பின்னறையில் அவன் மூன்று நாள் கத்தினான் அல்லவா? நாலாம் நாள் அப்பா கடைக்கும் அத்தை காய் வாங்கவும் போயிருந்தபோது, கதவைக் கொஞ்சமாகத் திறந்து, அப்பா கண்ணில் படாதபடி மேஜைக்கு அடியில் மூலையில் சுவெட்டரை வைத்தேன். அவன் அதன் மேல் ஏறி இரண்டு முன்கால்களாலும் மிதித்து மிதித்து, வட்டம் சுற்றிப் படுத்துத் தூங்கிவிட்டான். அதன்பிறகு தினமும் பள்ளிக்குப் போகும்போது அவனிடம் கொடுப்பேன், படுக்கும்முன் உதறி எடுத்து வந்துவிடுவேன். அங்கே நீ ஷிப்ட் பார்க்கிற மாதிரி இங்கே உன் சுவெட்டர் பார்த்தது. பகலில் அவனுக்கு, இரவில் எனக்கு.

பூஞ்சை எப்படிப் பரவும் என்று வீட்டிலேயே அதிகம் படித்தவள் நான்தான். தெரிந்தேதான் செய்தேன். உதறினால் போதும் என்று என்னை நானே நம்ப வைத்துக்கொண்டேன்.

போன கடிதத்துக்குப் பிறகு பூனை டாக்டரிடம் போனபோது மறுபடி இருட்டாக்கி விளக்கைப் பிடித்தார். மானேஜர் மேல் ஒன்றிரண்டு முடிகள்தான் ஒளிர்ந்தன. அப்பா, "தேறிட்டான்" என்றார். டாக்டர் விளக்கைத் திருப்பும்போது வெளிச்சம் என் மேல் விழுந்தது. என் பின்னலில், காதுக்குப் பக்கத்தில், நாலைந்து பூனை முடிகள் பச்சையாக ஒளிர்ந்தன. "நீ அந்த ரூமுக்குள்ள போறதில்லையே?" என்று டாக்டர் கேட்டார். "அவ போகமாட்டா டாக்டர், நான் மட்டும்தான்" என்றார் அப்பா. அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னதுதான் எனக்கு வலித்தது. டாக்டர் இடுக்கியால் ஒரு முடியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அதோடு ஒரு நீல நூலிழை சுற்றியிருந்தது. "வீட்டுல நீலக் கம்பளி ஏதாவது இருக்கா?" என்றார்.

அப்பா இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

 வீட்டுக்கு வந்ததும் நானே சுவெட்டரை எடுத்து வந்து அவரிடம் கொடுத்தேன். அவர் திட்டவில்லை அம்மா. அதைக் கையில் வாங்கியவர் நேராகத் துவைக்கும் தொட்டிக்குக் கொண்டு போகவில்லை. நின்றுகொண்டே இருந்தார். "உங்கம்மா கையோட எடுத்துட்டுப் போயிட்டான்னு நெனச்சேன். நான் வீடு பூரா தேடினேன்" என்றார். எப்போது தேடினீர்கள் என்று நான் கேட்கவில்லை. பிறகு அதைத் தன் முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். நான், "அப்பா, வேண்டாம், ஒட்டிக்கும்" என்றேன். "ஏற்கெனவே ஒட்டினதுதானே" என்றார்.

அவருடைய வட்டம் ஏன் மணிக்கட்டின் உட்பக்கத்தில் வந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் தூங்கியபின் தினமும் தலையணையைச் சரிசெய்வது அவர் கைதான். மானேஜரிடமிருந்து அவருக்கு நான் போட்ட அம்புக்குறி தவறு. அது என் வழியாகப் போயிருக்க வேண்டும்.

அத்தைக்குத் தெரிந்ததும் பெரிய சண்டை வரும் என்று காத்திருந்தேன். அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு அப்பாவிடம், "ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுறான் என் தம்பி, சொந்தப் பொண்ணோட தலையணைக்குள்ள என்ன இருக்குன்னு தெரியல" என்றார். என்னிடம், "அம்மா வேணும்னா வாயைத் திறந்து அழுடி, யார் வேண்டாங்கறா? பூனையோட சேர்ந்து திருட்டுத்தனம் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தண்ணீர் கொதிக்க வைக்கும் சத்தம் கேட்டது.

நான்தான் துவைத்தேன். அத்தை கேட்டார், கொடுக்கவில்லை. நீ சொல்வாயே, முதல் தண்ணி அழுக்குக்கு, ரெண்டாவது தண்ணி நிம்மதிக்கு என்று. அப்படியே இரண்டு தண்ணி. கம்பளி சுருங்கும் என்று தெரியும், இருந்தாலும் சூடு குறைக்கவில்லை. முதல் தண்ணீர் சாம்பல் நிறமாக வந்தது. அதில் மானேஜரின் முடியும் என் முடியும் மிதந்தன. ஒரு நீளமான முடி என்னுடையதை விடக் கறுப்பாக இருந்தது. அதைப் பார்த்தேன். அதையும் ஊற்றிவிட்டேன்.

வெயிலில் மூன்று நாள் காயப் போட்டோம். இப்போது அது யாருடைய சுவெட்டராகவும் இருக்கலாம், அப்படி ஒரு வாசனை.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. என் கன்னம் ஆறி, பத்து நாளாகப் புதிதாக எதுவும் வரவில்லை. அப்பா அரைக்கைச் சட்டைக்கு மாறிவிட்டார். முதல் நாள் கடைக்குப் போகும்போது கையை முன்னால் நீட்டி நீட்டித்தான் நடந்தார். மானேஜருக்கு மறுபடி பிரஷ் போட்டு, தட்டில் வைத்து, இரண்டு வாரம் கழித்து நேற்று பார்த்தோம். மஞ்சளாகவே இருந்தது அம்மா. ஒரு புள்ளிகூட இல்லை. வெறும் தட்டைப் பார்த்து மூன்று பேர் சிரிப்பதை நீ பார்த்திருக்க மாட்டாய்.

ஆனால் டாக்டர் இன்னொரு தட்டும் வெறுமையாக வந்தால்தான் உறுதி சொல்வாராம். அது தெரிய இன்னும் இரண்டு வாரம் ஆகும். உன் பட்டியல் அதற்கு மூன்று நாள் முன்பே மூடிவிடும். கடிதம் உன்னிடம் வர ஒன்பது நாள். எல்லா நாளையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன், எப்படிப் போட்டாலும் அந்த மூன்று நாள் இடிக்கிறது. நான் சுவெட்டரை முதல் நாளே கொடுத்திருந்தால் இடித்திருக்காது. அப்பா இதைச் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொள்கிறேன்.

நேற்று அப்பாவிடம் கேட்டேன், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று. கடையில் கேட்பாரே, அதே மாதிரி, "எது தெளிவா தெரியுது, இதுவா, இதுவான்னு நான் கேக்கத்தான் முடியும். பாக்கிறவங்கதான் சொல்லணும்" என்றார். அதனால் முடிவு உன்னுடையது. வர வேண்டாம் என்று நீ முடிவு செய்தால் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன் என்று எழுதச் சொன்னார் அத்தை. எழுதிவிட்டேன். அது அத்தையின் வரி.

இன்னொன்று. வெந்நீரில் சுவெட்டரின் இரண்டாவது பொத்தான் கழன்றுவிட்டது. அத்தை அப்போதே ஊசியோடு வந்தார். நான் கொடுக்கவில்லை. அதைப் பத்து நிமிஷம் கொதிக்க வைத்து, துடைத்து, வெயிலில் வைத்து, இந்தக் கடிதத்தோடு காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். டாக்டரிடமும் கேட்டுவிட்டேன், பொத்தானால் உனக்கு ஒன்றும் ஆகாது. சுவெட்டரை மறுபடி கதவுக்குப் பின்னால் அதே ஆணியில் மாட்டியிருக்கிறேன். முன்பக்கம் அந்த ஒரு இடம் மட்டும் திறந்திருக்கிறது. அந்தப் பொத்தானைத் தபாலில் திருப்பி அனுப்பிவிடாதே அம்மா.

அதே நீல நூல் இங்கே இருக்கிறது. ஊசியில் கோத்து வைத்திருக்கிறேன்.

உன் மகள்